கடந்த ஆண்டை மீள நோக்குதலும் மீண்டெழும் திறனும்



"கடந்து சென்ற ஆண்டு எனக்குக் கற்பித்தவை" என்பது க.பொ.த. சாதாரண தரத் தமிழ்மொழிப் பாடத்துக்குத் தயாராகும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டிய கட்டுரைத் தலைப்பாகும். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உளநலம் பற்றிப் படிக்கும்போதும் இப்பாடம் உதவும். ஆனால் இதைப் புள்ளிக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

இத்தலைப்பைக் கண்டவுடன் பலர் "காலம் பொன் போன்றது" என்று தொடங்குவர். அடுத்த பந்தியில் விடாமுயற்சி வரும். அதற்கடுத்து தன்னம்பிக்கை. இறுதியில் "எனவே நாமும் முயன்று முன்னேறுவோமாக." இக்கட்டுரையை எந்த ஆண்டிலும் எவரும் எழுதலாம். எழுதியவரின் ஆண்டு அதில் எங்குமே இருக்காது. புள்ளியிடும் ஆசிரியர் இதுபோல் நூறு கட்டுரைகளை வாசிக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

முதலில் 2025 ஆம் ஆண்டில் நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். நவம்பர் 10 ஆம் திகதி க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஆரம்பமாகியது. நவம்பர் 28 இல் டித்வா சூறாவளி கிழக்குக் கரையால் நாட்டுக்குள் நுழைந்தது. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எமது திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல், சேருவில, கிண்ணியாப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டு, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடத்தப்பட்டன.

மாவிலாறு என்ற பெயர் உங்கள் பெற்றோருக்கு வேறொரு காரணத்தாலும் நினைவிருக்கும். 2006 ஜூலையில் அதன் மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. ஓகஸ்டில் மூதூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நாட்களிலும் இம்மாவட்டத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். அவர்களில் சிலர் இன்று உங்கள் அம்மா, மாமா, சித்தி. எப்படிப் படித்தீர்கள் என்று ஒருநாள் அவர்களிடம் கேளுங்கள்.

மீண்டெழும் திறன் என்றால் என்ன? துன்பமே தாக்காத கல் நெஞ்சம் என்று விடை எழுதினால் அது பிழை. துன்பத்தால் தாக்கப்பட்டு, வருந்தி, பின்னர் மீண்டும் அன்றாடக் கடமைகளைச் செய்யக்கூடிய நிலைக்கு வருவதே மீண்டெழும் திறன். இது பிறவிக் குணம் மட்டுமன்று. ஹவாயிலுள்ள கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து அவதானித்தனர். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல பாதிப்புகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட முக்கியமான ஒன்று, நம்பிக்கையோடு அண்டியிருக்க ஒரு பெரியவராவது இருந்தமை. தாயோ தகப்பனோதான் என்றில்லை. பாட்டி, ஆசிரியர், அயலவர் எவராகவும் இருக்கலாம்.

இனி, இப்பாடத்தில் மாணவர் அதிகம் குழம்பும் இடத்துக்கு வருவோம். மீள நோக்குவது வேறு, அசைபோடுவது வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் பிள்ளை ஜன்னலோரம் அமர்ந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?", "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அசைபோடல். "அன்று என்ன நடந்தது? நான் என்ன செய்தேன்? அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பது மீள நோக்கல்.

இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. 1989 ஒக்டோபர் 17 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் ஏற்பட்டது. மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவரிடம் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் அதற்குச் சற்று முன்னர்தான் வினாக்கொத்து மூலம் கேட்டிருந்தார். நிலநடுக்கத்தின் பின் அதே மாணவரை மீண்டும் சந்தித்தார். முன்னரே அசைபோடும் பழக்கம் கொண்டிருந்தோர் 10 நாட்களின் பின்னும் 7 வாரங்களின் பின்னும் மற்றவரைவிடக் கூடுதலான மனச்சோர்வுடன் இருந்தனர். அனைவரையும் உலுக்கியது ஒரே நிலநடுக்கம்தான்.

அசைபோடலை எவ்வாறு மீள நோக்கலாக மாற்றுவது? எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்பவரின் 1986 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மாணவர்கள் தம்மைப் பெரிதும் பாதித்த சம்பவத்தை நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாட்கள் எழுதினர். எழுதிய உடனே அவர்களுக்குக் கவலை கூடியது. ஆனால் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியோர் அடுத்த 6 மாதங்களில் நோயென்று மருத்துவ நிலையம் சென்றது குறைந்திருந்தது. ஆகவே எழுதும்போது அழுகை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. எனினும் உயிரிழப்பைக் கண்ட பிள்ளை தனியே இருந்து எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கமின்மையும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

செயன்முறை

ஒரு தாளில் மூன்று நிரல்கள் கீறுங்கள். முதலாவது: நடந்தது. இரண்டாவது: என் கையில் இல்லாதது. மூன்றாவது: என் கையில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் நிரலையோ மூன்றாம் நிரலையோ மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். ஒரு மாணவி இரண்டாம் தவணைக் கணிதத்தில் 41 புள்ளி பெற்றாள் எனக் கொள்வோம். "வெள்ளத்தால் படிக்க முடியவில்லை" என்று இரண்டாம் நிரலில் எழுதுகிறாள். வெள்ளம் வந்தது நவம்பரில். இரண்டாம் தவணைப் பரீட்சை அதற்கு வெகு முன்னரே முடிந்துவிட்டது! ஆகவே வினாத்தாளைக் கையில் எடுத்து, இழந்த 59 புள்ளிகளையும் பிரித்துப் பார்க்கட்டும். படிக்காமல் விட்ட அலகுகளில் 22. நேரம் போதாமல் விட்ட வினாக்களில் 19. குறி மாற்றியும் அலகு எழுதாமலும் போனவை 18. இப்போது "எனக்குக் கணிதம் வராது" என்ற பெரிய கவலை மூன்று சிறிய வேலைகளாகிவிட்டது. அதில் கடைசி 18 புள்ளிக்குப் புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை. விடையை ஒரு தடவை சரிபார்த்தால் போதும்.

இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் உண்டு. முகாமில் இருந்தபோது ஒரு பக்கமும் படிக்கவில்லையே என்று தம்மையே குற்றஞ்சாட்டுவார்கள். முகாமில் படிக்க மேசையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அது இரண்டாம் நிரலுக்கு உரியது. அங்கேயே எழுதிவிட வேண்டும்.

கட்டுரையில் இது எப்படி வர வேண்டும்? மாதிரிப் பந்தி ஒன்றைத் தருகிறேன்.

"நவம்பர் கடைசியில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. அப்பா தம்பியைத் தூக்கினார். நான் கொப்பிகளை அரிசிச் சாக்கில் போட்டேன். பள்ளிக்கூடமொன்றில் ஆறு நாட்கள் தங்கினோம். திரும்பி வந்து பார்த்தபோது விஞ்ஞானக் கொப்பி நனைந்து ஒட்டிப்போயிருந்தது. அன்று முழுவதும் அழுதேன். பின்பு தோழியின் கொப்பியை வாங்கி நாளுக்கு நான்கு பக்கம் பார்த்தெழுதினேன். எழுதி முடித்தபோது, முன்பு விளங்காத மின்காந்தத் தூண்டல் விளங்கியிருந்தது."

விடாமுயற்சி என்ற சொல் இதில் எங்காவது உண்டா? இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு அது தெரிகிறது. திருக்குறள் எடுத்தாள விரும்புவோர் 63 ஆம் அதிகாரமான இடுக்கணழியாமையைப் பார்க்கவும். குறள் உங்கள் சம்பவத்துக்குப் பின்னர் வரட்டும். முன்னர் வந்தால் சம்பவம் குறளுக்காகச் செய்ததுபோல் ஆகிவிடும். வெள்ளத்தைக் காணாதவர்கள் வெள்ளத்தைக் கற்பனை செய்து எழுத வேண்டாம். ஓர்ஸ் ஹில் மேட்டில் வீடிருந்து பாதிப்பின்றித் தப்பியவருக்கும் ஓர் ஆண்டு இருந்தது: மாறிப்போன நண்பர், நோயுற்ற தாத்தா, தோற்ற விளையாட்டுப் போட்டி.

பயிற்சி

1. மீள நோக்கலுக்கும் அசைபோடலுக்கும் இடையிலான வேறுபாட்டை உங்கள் வாழ்விலிருந்து ஒவ்வோர் உதாரணம் தந்து விளக்குக.

2. கடந்த ஆண்டில் நீங்கள் குறைந்த புள்ளி பெற்ற வினாத்தாளை எடுத்து, இழந்த புள்ளிகளை மேற்காட்டியவாறு பிரித்து எழுதுக. தாள் தொலைந்திருந்தால் பாட ஆசிரியரிடம் ஒரு பிரதி கேட்டு, மீண்டும் செய்து பார்த்துப் பிரிக்கவும்.

3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தமது பள்ளிப் பருவத்தில் மிகக் கடினமாக இருந்த ஆண்டைப் பற்றிக் கூறுவதைக் கேட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே ஒரு பக்கத்தில் எழுதுக. உங்கள் கருத்து எதையும் சேர்க்க வேண்டாம்.

4. "கடந்து சென்ற ஆண்டு எனக்குக் கற்பித்தவை" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுக. காலம், விடாமுயற்சி, தன்னம்பிக்கை ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தக் கூடாது. எழுதியதை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வரவும்.