கார்க் கதவை ஓங்கி அறையாதீர்கள்

செராஸ் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இரவில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கேட்கும் ‘டமார்’ சத்தம். ஒரு தடவையில் மூடிக்கொள்ளாத கதவைத் திறந்து இன்னும் ஓங்கி அறைவார்கள். எங்கள் காரும் வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்பதுதான். அதன் கதவுகளோடு பல வருஷம் மல்லுக்கட்டியதில் சொல்கிறேன்: அறைவதால் கோளாறு தீராது, வளரும்.

முதலில் ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். சுலபமாகச் சாத்த முடிந்தால் உள்ளே அடைபட்ட காற்றுதான் எதிர்த்துத் தள்ளுகிறது. ரப்பர் புதிதாக மாற்றிய காரில் இது சகஜம். ரப்பர் படிந்ததும் குறைந்துவிடும்.

கண்ணாடியை இறக்கியும் முரண்டு பிடித்தால் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் ஆணியோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. எங்கள் காரில் இடது பின்கதவுதான் தொங்கியது. பாட்டி அந்தக் கதவில் முழு பாரத்தையும் போட்டுத்தான் எழுந்திருப்பார். பட்டறையில் கதவையே மாற்றச் சொன்னார்கள். புஷ் மாற்றியதே போதுமாக இருந்தது. இப்போது பாட்டி கூரையோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.

அடுத்து, கதவு வந்து பொருந்தும் கார்த் தூணில் திருகியிருக்கும் லாட வடிவ இரும்பு. ஸ்ட்ரைக்கர் என்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் அதுவே கதை சொல்லும். மேல்பக்கம் மட்டும் சாயம் உரிந்து பளபளத்தால் கதவு கீழே இறங்கியிருக்கிறது. கீல் நன்றாக இருந்து இது மட்டும் விலகியிருந்தால், சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் திருகைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நகர்த்திப் பாருங்கள். கோடு இருந்தால் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

பெரும்பாலும் குற்றவாளி கதவுக்குள் இருக்கும் கொக்கிதான். கிரீஸ் காய்ந்து, தூசி ஒட்டி இறுகியிருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மெல்லத் தள்ளுங்கள். இரண்டு ‘கிளிக்’ கேட்க வேண்டும்: முதலாவது பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. கதவின் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். மறந்தால் கொக்கி உடையும். இறுக்கமாக இருந்தால் அழுக்கைத் துடைத்து வெள்ளை கிரீஸ் தடவுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே மட்டும் அடித்தால் சீக்கிரமே காய்ந்து பழையபடி இறுகும்.

அந்த இரண்டாவது கிளிக்கை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? கார்க் கதவுக் கொக்கிகளுக்கான ஐ.நா. விதி 11, முழுதாகப் பூட்டிய கொக்கி நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. பாதி பூட்டிய நிலையில் 4,500 போதும். பாதிகூட இல்லை! மலேசியாவில் பின்னிருக்கையிலும் பெல்ட் கட்டாயம் என்பது 2009 முதல் சட்டம். ஆனால் பின்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கேதான் நம் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில்தானே என்று செராஸ்-காஜாங் நெடுஞ்சாலையில் ஏறிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் இறங்கி, அந்தக் கதவைத் திறந்து, சரியாகச் சாத்துங்கள். பிள்ளைகளைச் சாத்தச் சொல்லாதீர்கள், நீங்களே சாத்துங்கள்.