சர்க்கரை நோயும் வணிகரின் கண்களும்



காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பதும், நேரம் தவறிச் சாப்பிடுவதும் நம் தொழிலில் பழகிப்போனவை. நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதில் வியப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. மாத்திரையைத் தவறாமல் போடுபவர்கள்கூடக் கண்ணைப் பரிசோதிப்பதில்லை. "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே" என்கிறார்கள். ஆபத்தே அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

கண்ணின் உட்புறம், பின்பக்கத்தில் விழித்திரை என்ற மெல்லிய படலம் உள்ளது. நாம் காணும் காட்சி அதில்தான் பதிகிறது. பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால், அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனப்பட்டுக் கசியும், சில அடைபடும். பின்பு வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தொடக்கத்தில் வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கலும் இல்லை. வெளியே நன்றாக இருக்கும் மூட்டைக்குள் வண்டு அரிப்பதைப் போன்றது இது. குத்தூசி விட்டுப் பார்த்தால்தானே உள்சரக்கு தெரியும்?

தள்ளிப்போடுவதற்கு நம்மவர் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம்.

1. "இப்போதுதான் கண்ணாடி மாற்றினேன்." எழுத்துப் பலகையைப் படிப்பது பார்வையின் அளவை மட்டுமே சொல்லும். விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிக்க வேண்டும். அல்லது அதற்குரிய கேமராவில் படம் எடுக்க வேண்டும்.

2. "இது புரைதான், முற்றட்டும்." மங்கலுக்குக் காரணம் புரையா, விழித்திரையா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

3. "சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது." நல்லதே, ஆபத்து குறையும். ஆனால் நோய் வந்து ஆண்டுகள் பல ஆனவருக்கு அது அடியோடு நீங்குவதில்லை.

4. "கடையை யார் பார்ப்பது?" மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்டக் கூடாது. அரை நாள் போதும்.

லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, அறுவை என இன்று சிகிச்சைகள் உண்டு. உரிய காலத்தில் செய்தால் இருக்கும் பார்வையைக் காக்கலாம். சிலருக்குப் பார்வை ஓரளவு மீளவும் செய்யும். விழித்திரை சிதைந்தபின் போன பார்வை வாராக்கடன்தான்.

நடுவயதில் சர்க்கரை நோய் வந்தவர்கள், அது தெரிந்தவுடனேயே கண்ணைக் காட்ட வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் தவணையில் செல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அன்றைக்கே செல்லுங்கள்.

மார்ச் 31-இல் நாம் சரக்கு இருப்பு எடுக்கத் தவறுவதில்லை. அந்த வாரத்திலேயே கண் பரிசோதனைக்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயுள்ள வீட்டாரையும் கடை ஊழியர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.