காற்றுத் தடுப்பின் சட்டம்

சாளரத்தைக் காலதர் என்றனர் பண்டையோர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. நாம் ஈண்டு ஆராயப் புகுவதோ காற்று வரும் வழியன்று. காற்றை மறித்து நிற்கும் மோட்டார் வண்டியின் முகப்புக் கண்ணாடியைத் தாங்குகின்ற சட்டம். 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட மாடல் டி வண்டிகளுள் முற்பட்டவற்றில் இச்சட்டம் பித்தளையால் அமைந்து, நடுவே கீல் பொருந்தி மடியும் இயல்பினதாயிருந்தது. அத்தகைய பழஞ்சட்டத்தைச் செப்பனிடும் முறையைக் காண்போம்.

பித்தளையில் எஃகுத் திருகாணி பொருந்தி ஈரமும் சேருமாயின், எஃகே முந்தித் துருவேறி இறுகும். அதனை வலிந்து திருகினால் தலை முறியும். மெல்லிய எண்ணெயிட்டு ஓரிரவு விட்டுவைத்தல் நன்று. பின்னர்க் கண்ணாடியை நீக்கிச் சட்டத்தைச் சமதளத்தில் கிடத்துக. எதிரெதிர்ப் பக்கங்கள் அளவொத்திருந்தும் சட்டம் சாய்ந்திருத்தல் கூடும். ஆதலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடல் வேண்டும். ஒரு மூலை தளத்தினின்று எழும்புமாயின் சட்டம் முறுக்குண்டது என்க. அதிற் பொருத்திய கண்ணாடி நெடுநாள் நில்லாது.

வளைந்த பித்தளையை நிமிர்த்துவதே இப்பணியில் அரிய பகுதி. வளைந்த இடம் வன்மையுற்றிருத்தலின், குளிர்ந்த நிலையிலேயே தட்டினால் வெடிக்கும். மங்கிய செந்நிறம் தோன்றுமளவும் காய்ச்சினால் அது இளகும். ஆனால் காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசோ ஏறத்தாழ 190 பாகை வெப்பத்திற்குள்ளேயே உருகிவிடும். ஆகவே மூலைகளின் பற்றாசை முன்னரே உருக்கிப் பிரித்துவிட்டு, வளைந்த துண்டைத் தனியே காய்ச்சி, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி நிமிர்த்தி, மீண்டும் பற்றவைத்தல் வேண்டும். இளஞ்சிவப்புத் திட்டுகள் காணப்படின், அங்குத் துத்தநாகம் நீங்கிச் செம்பு மட்டும் பொள்ளலாய் எஞ்சியது என்றறிக. மெருகினால் அது தீராது. அப்பகுதியை வெட்டி மாற்றவேண்டும்.

மெருகிடுங்கால் அமோனியா கலந்த நீரை விலக்குக. இந்தியாவில் ஆங்கிலேயர் படையினர் மழைக்காலத்தில் குதிரைக் கொட்டில்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கூடுகள் தாமே வெடித்தன. குதிரைகளின் சிறுநீரினின்று எழுந்த அமோனியாவும், கூட்டை உருவாக்குங்கால் உள்ளே தங்கிய இறுக்கமுமே காரணமென 1921-இல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். தட்டி நிமிர்த்த சட்டத்திலும் அத்தகைய இறுக்கம் தங்குதல் இயல்பன்றோ!

பழமையைப் போற்றுவோர் சிலர் கண்ணாடியும் அக்காலத்ததாகவே இருத்தல் வேண்டுமென்பர். நாம் அதற்கு உடன்படோம். பழைய கண்ணாடி உடையின் வாள்போற் கூரிய துண்டுகளாய் முகத்திலும் கழுத்திலும் பாயும். பிரெஞ்சு வேதியியலார் எடுவார் பெனடிக்டஸ் 1903-இல் ஒரு குப்பி கீழே விழுந்தும் சிதறாமை கண்டு, அதன் உட்புறத்துப் படிந்த மெல்லேடே காரணமென உணர்ந்தார்; அதனினின்று பிறந்ததே இருகண்ணாடிகளின் இடையே ஏடு வைத்த அடுக்குக் கண்ணாடி. உலோகம் பழையதாயிருக்கட்டும், கண்ணாடி இதுவேயாகுக. ஓட்டுபவன் உயிரினும் பழமை பெரிதன்று.

அட்டையில் அச்செடுத்து, சுற்றிலும் வைக்கும் ரப்பர்ப் பட்டைக்கு இடம்விட்டுக் கண்ணாடியை வெட்டுவிக்க. பொருத்தியபின் ஒரு திருகாணியை முற்றும் இறுக்கி அடுத்ததற்குச் செல்லாது, எதிரெதிராய்ச் சிறிது சிறிதாக இறுக்கி வருக.