தாத்தா வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கும்?

அன்புள்ள கதிருக்கு,

சித்தி எழுதுகிறேன். தாத்தா வீட்டை மூன்று அறைகளாக்கி வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக உன் அம்மா சொன்னாள். ஏர்பிஎன்பியில் போடுவதற்காக நீ எழுதி அனுப்பியதையும் படித்தேன். முற்றம், மரத்தூண், ஊஞ்சல் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வசதிகள் பட்டியலில் 'வளாகத்துக்குள் இலவச பார்க்கிங்' என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டிருக்கிறாயே, அந்த வளாகம் எங்கேடா இருக்கிறது?

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே நம் தமிழர் பகுதி வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. உள்ளே திண்ணை, அதற்கு முன்னால் தாழ்வாரம், தாழ்வாரத்தை விட்டு இறங்கினால் தெரு. கட்டியவர்கள் வழிப்போக்கன் உட்கார இடம் விட்டார்கள், கார் நிற்க விடவில்லை. நம் வீட்டு முகப்பு ஏறக்குறைய 20 அடி. ஓர் இன்னோவா கிறிஸ்டாவின் நீளம் பதினைந்தரை அடி. அது ஒன்று வந்து நின்றாலே நம் வாசல் அடைபட்டுவிடும். இரண்டாவது அறைக்கு வருகிறவர் காரில் வந்தால் அது இடப்பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும், மூன்றாவது எதிர்வீட்டில். நீ வாடகைக்கு விடுவது அறையை மட்டும் அல்ல, அக்கம்பக்கத்தாரின் வாசலையும்தான். அவர்களுக்கு அதில் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. இதை வைத்து மற்ற எல்லாவற்றையும் யோசி.

காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பார். பக்கத்து வீட்டு அம்மா வாளியும் கோலப்பொடி டப்பாவுமாக வெளியே வருவார்கள். வாசலில் கர்நாடக நம்பர் பிளேட்டோடு ஒரு வண்டி நிற்கும். முன் சக்கரம் சரியாகக் கோலம் போடும் இடத்தில் இருக்கும். யாரை எழுப்புவது? வண்டிக்காரர் நம் வீட்டு மாடியில் ஏசி போட்டுத் தூங்குகிறார். அந்த அம்மா முதல் நாள் வண்டியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் வாரம் உன் அம்மாவுக்கு போன் வரும். அதன் பிறகு தெருவே ஒன்றுசேர்ந்து மனு எழுதும். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, அந்த டிக்கை எடு. அதற்குப் பதிலாக விளம்பரத்தின் மேல் பகுதியிலேயே, முற்றத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே எழுது: இந்த வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லை, வாசலில் சாமான் இறக்கலாம், கார் நிறுத்துமிடம் இத்தனை நிமிட நடையில் இருக்கிறது, அதன் கட்டணம் அறை வாடகையிலேயே அடக்கம். நடை நேரத்தை கூகுள் சொல்வதை வைத்து எழுதாதே. பெட்டியை உருட்டிக்கொண்டு, கூட ஒரு வயதானவரையும் அழைத்துக்கொண்டு நடந்து பார்த்து எழுது. பார்க்கிங் உள்ள வீடுகளை மட்டும் வடிகட்டித் தேடுகிறவர்கள் கண்ணில் நம் வீடு படாமல் போகும், போகட்டும். இருப்பதாகச் சொன்ன வசதி இல்லை என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் ஏர்பிஎன்பி நிறுவனத்திடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்க விருந்தினருக்கு வழி இருக்கிறது. பணம் போவதைவிட, அவர் எழுதிவைத்துவிட்டுப் போகும் விமர்சனம் ரொம்ப நாள் நிற்கும்.

எழுதி வைத்தால் படிப்பார்கள் என்று நம்பாதே. முன்பதிவு உறுதியானதும் வாட்ஸ்அப்பில் கேள்: காரில் வருகிறீர்களா, என்ன கார், சொந்தமாக ஓட்டுகிறீர்களா, டிரைவர் வருகிறாரா? வருகிற அன்று காலையிலும் ஒரு தடவை. வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து சென்னையிலிருந்து ஈசிஆரில் கிளம்பினால் 150 கிலோமீட்டர், இரவு பத்து பதினொன்றுக்குத்தான் வந்து சேர்வார்கள். அந்த நேரத்தில் அசதியோடு வருபவரிடம் இடம் இல்லை என்று முதல் முதலாகச் சொன்னால் சண்டைதான் வரும். டெம்போ டிராவலரில் பன்னிரண்டு பேர் வருகிறோம் என்றால், நம் வீடு உங்களுக்குச் சரிப்படாது என்று நேராகவே சொல்லிவிடு.

டிரைவர் விஷயத்தை யாருமே யோசிப்பதில்லை. வாடகைக் காரில் வரும் குடும்பம் மேலே தூங்கும். டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, புழுக்கம் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுத்திருப்பார், அதுவும் யாருடைய ஜன்னலுக்கோ அடியில். விடியற்காலையில் கழிப்பறைக்கு அவர் எங்கே போவார்? பின்கட்டில் சாமான் அடைத்து வைத்திருக்கும் அறையை ஒழித்து ஒரு கட்டில், ஒரு ஃபேன் போடு. பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. அதற்குத் தனிக் காசு வாங்காதே. டிரைவருக்குப் படுக்க இடம் இருந்தால் வண்டி நிறுத்துமிடத்திலேயே நிற்கும், அவர் வாசலுக்கு வரும் காரணமும் குறையும்.

சரி, காரை எங்கே நிறுத்தச் சொல்வது? தெருக்கோடியில் ஒரு பூந்தொட்டியையோ உடைந்த நாற்காலியையோ வைத்து இடம் பிடிக்கலாம் என்று உன் நண்பன் யாராவது சொல்வான். தெரு நம் சொத்து இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கிற வண்டியையும், தடை செய்த இடத்தில் நிற்கிற வண்டியையும் போலீஸ் அப்புறப்படுத்தலாம், செலவு வண்டிக்காரருடையது. ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிட்டு மறுநாள் காலை டிபனை முடித்துக்கொண்டு நிதானமாக வருகிறவருக்குப் பத்து மணி நேரம் என்பது பெரிய கணக்கு அல்ல.

எனக்குத் தெரிந்த நல்ல வழி கல்யாண மண்டபம். நமக்குக் கூட்டம் அலைமோதுவது கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை. அது மார்கழி, மண்டபத்தில் முகூர்த்தம் கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வரும் நீண்ட விடுமுறை ஆடிக் கடைசியில் விழும், அப்போதும் மண்டபம் சும்மா கிடக்கும். நமக்கு இடம் தேவைப்படும்போது அவர்களுக்கு வருமானம் இல்லை, இதைவிடப் பொருத்தம் வேறு அமையாது. ஆனால் தையில் நிலைமை தலைகீழ். முகூர்த்த நாள்களுக்கு மாற்று இடம் ஒன்றைக் கட்டணத்தோடு பேசி வை. பேசியதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு: இரவு எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள், வாட்ச்மேன் யார், ஒரு வண்டிக்கு எவ்வளவு. அந்தத் தொகையை அறை வாடகையிலேயே சேர்த்துவிடு. ஊருக்குப் போகும்போது தனியாக நூறு இருநூறு கேட்டால் யாருக்கும் முகம் மாறும்.

நிறுத்துமிடத்தின் தரை தாழ்வாக இருக்கிறதா என்றும் பார். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரில் எத்தனை தெருக்களில் கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்று உனக்கே தெரியும். ஐப்பசி கார்த்திகையில் மழை எச்சரிக்கை வந்தால் மேடான இடத்துக்கு வண்டியை மாற்றச் சொல்லி, நள்ளிரவானாலும் விருந்தினரை எழுப்பு.

இன்னொன்று, சாவியை வாங்காதே. நான் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருகிறேன் சார் என்று உதவியாகச் சொல்லத் தோன்றும். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998இல் திருடுபோனது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் ஓட்டல்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. 'வண்டி உரிமையாளரின் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. நீ கூடப் போய் வழி காட்டு, வேண்டுமானால் பெட்டியைத் தூக்கு. ஸ்டியரிங்கைத் தொடாதே.

பஸ்ஸில் வருகிறவர்கள் என்றால் நிம்மதி என்று நினைத்தாயோ? அவர்கள் மறுநாளே இரண்டு வாடகை ஸ்கூட்டர் எடுத்து வந்து தாழ்வாரத்தில் ஏற்றிவிடுவார்கள். ஸ்கூட்டர் மட்டும் நம் வாசலை ஒட்டி நிற்கலாம், எத்தனை என்பதை நீ தீர்மானித்துச் சொல். காரில் வருகிறவர்களுக்கும் சொல், இந்த ஊர் நடப்பதற்கென்றே கோடு போட்டுக் கட்டினது போல இருக்கிறது. மணக்குள விநாயகர் கோயிலுக்கோ கடற்கரைக்கோ காரை எடுக்கவே தேவையில்லை. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டியை விடவும் மாட்டார்கள். ஞாயிறன்று காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், அந்தப் பக்கம் கார் நுழையவே முடியாது. இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அறையில் வை. டிசம்பர் 31க்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று பிற்பகலிலிருந்தே கடற்கரைப் பக்கத்து ஒயிட் டவுனுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். அந்த வருடத்து ஏற்பாடு என்ன, பாஸ் யாருக்கு என்று முந்தின வாரமே போலீஸ் ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொண்டு, மதியத்துக்குள் வந்துவிடும்படி விருந்தினருக்குச் சொல்.

இவ்வளவு செய்தும் ஒரு வண்டி பக்கத்து வாசலில் நிற்கத்தான் செய்யும். உன் செல் நம்பரை எழுதிய அட்டைகளைத் தயாராக வைத்து, சாமான் இறக்கும் ஐந்து நிமிடத்துக்குக்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றை வைக்கச் சொல். அதே நம்பரை இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் எதிர்வீட்டுக்கும் நீயே நேரில் போய்க் கொடு. காலை ஐந்தரைக்கு அடித்தாலும் எடு.

வருகிற ஞாயிறு சாயங்காலம் வா. மண்டப மேனேஜரை எனக்குப் பழக்கம், பேசலாம். வரும்போது பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தை, மாசி முகூர்த்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வா. அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
சித்தி