இலண்டனில் திறந்த கதவுகள்



பெரிய கட்டடங்களை வெளியே நின்று பார்த்துத் திரும்புவதே நம் வழக்கம். காவலர் உள்ளே விட்டால்தானே! இலண்டனில் 1992-இல் தொடங்கிய ‘ஓப்பன் ஹவுஸ்’ விழா இக்குறையை ஆண்டுக்கொரு முறை போக்குகிறது. செப்டம்பர்த் திங்களில் சில நாட்கள், பூட்டிக் கிடக்கும் அலுவலகங்களும் இல்லங்களும் கட்டணமின்றித் திறக்கின்றன. அங்கே சில மாதம் படிக்கச் சென்றிருந்த நான், ஒரு சனிக்கிழமை, லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் வாயிலில் வரிசையில் நின்றேன்.

வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்ற மூதாட்டி சொன்னார்: “எதிர்த் தெருவில் இருபது ஆண்டு வேலை பார்த்தேன். உள்ளே போவது இன்றுதான்.”

ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைக்க, 1986-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. குழாய்கள், மாடிப்படிகள், கண்ணாடி லிப்டுகள் எல்லாம் வெளிப்புறத்தில்! வீட்டின் கொல்லைப்புறத்தை வாசலுக்குக் கொண்டுவந்தது போலிருந்தது. வெறும் வீம்பு என்றே எண்ணினேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே சென்றதும் என் எண்ணம் மாறிற்று. நடுவே அறுபது மீட்டர் உயரத்திற்கு வெட்டவெளி; மேலே கண்ணாடி வளைகூரை; சுற்றிலும் தடையற்ற தளங்கள். காங்கிரீட் தூண்கள் நெடுங்காலம் நிற்கும். குழாயும் லிப்டும் அதற்கு வெகு முன்பே பழுதாகும். அவை வெளியே இருந்தால், உள்ளே அலுவல் கெடாமல் மாற்றிவிடலாம் அல்லவா?

அங்குள்ள பணியாளரை இன்றும் ‘வெயிட்டர்’ என்றே அழைக்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்டு லாயிடு நடத்திய காப்பிக் கடையில் பிறந்த நிறுவனமல்லவா! 1799-இல் மூழ்கிய ‘லூட்டின்’ கப்பலின் மணியும் அங்கே தொங்குகிறது. கெட்ட செய்திக்கு ஒரு முறையும், நல்ல செய்திக்கு இரு முறையும் அதை அடிப்பது முன்னாளில் வழக்கமாம்.

பணி செய்யும் இடங்களையும் பணி கொள்ளும் இடங்களையும் பிரித்து அமைக்கும் கருத்தை ரோஜர்சுக்கு முன்பே வலியுறுத்தியவர் லூயி கான். ஆம், நம் அகமதாபாத்தில் மேலாண்மைக் கழகத்தை 1962 முதல் வடிவமைத்த அதே கான்தான். லாயிட்ஸ் கட்டடம் 2011-இலேயே முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. கானின் மாணவர் விடுதிகளில் பதினான்கை இடிக்கும் திட்டமோ 2020 டிசம்பரில் வெளிவந்து, எதிர்ப்பால் 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2022-இல் இடித்துக் கட்டும் பேச்சு மீண்டும் எழுந்தது.

இவ்வூரில் நான்கு ஆண்டு படித்தும், அந்தச் செங்கல் வளைவுகளின் கீழ் நான் ஒரு நாளும் நின்றதில்லை. மூதாட்டியாவது எதிர்த் தெருவில் இருந்தார்! பார்வையிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். உடன்வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் தருக. பென்சிலும் தாளும் கொண்டு வருக.