நகச்சொத்தையா? மருந்துக் கடைக்குப் போகுமுன் சில குறிப்புகள்

அக்காமாரே, மைனிமாரே! மற்ற ஊர்க்காரர்கள் பலருக்கு ஐப்பசி மழைதான் பெரிது. தக்கலைப் பக்கம் நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு. முற்றம், குளத்துப் படி, ரப்பர் தோட்டம் எல்லாம் வருஷத்தில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும். அதனால் கால் பெருவிரல் நகம் மஞ்சளித்துத் தடித்தால் ஆச்சரியமில்லை. காசும் போகாமல், மாத்திரையால் ஈரலும் கெடாமல் அதைச் சமாளிக்க நான் சேர்த்து வைத்த குறிப்புகள் இவை.

1. முதல் காசைப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். தடித்து நிறம் மாறிய நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சையால் வருவது. மீதிக்குக் காரணம் பழைய அடி, இறுக்கமான ஷூ, சொரியாசிஸ் என்று வேறு வேறு. நகத்தடியில் சுரண்டிய தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலி கிடையாது.

2. சோதனைக்குப் போகும் வாரம் அந்த நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். மருதாணியும் நெயில் பாலிஷும் வேண்டாம். ஏற்கெனவே பூஞ்சை மருந்து பூசிக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் பூஞ்சையும் இல்லை என்று ரிசல்ட் வரும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்தால் முடிவுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

3. தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள். வீட்டில் தின்னும் பிரஷர், சுகர், கொழுப்பு மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். ஏன் என்று 8-ஆம் குறிப்பில் பாருங்கள்.

4. ஒன்றிரண்டு நகத்தில், நுனிப்பக்கம் பாதிக்கும் குறைவாக மட்டும் சொத்தை இருந்தால் பூசும் மருந்தே போதுமா என்று கேளுங்கள். அமரால்ஃபின் 5 சதவீத மருந்தை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, சைக்ளோபிராக்ஸ் 8 சதவீத மருந்தைத் தினமும் பூச வேண்டும். இரத்தத்தில் போய்ச் சேருவது மிகக் குறைவு என்பதால் ஈரலைப் பற்றிய கவலை இல்லை. மிஞ்சிப் போனால் சுற்றுத் தோல் கொஞ்சம் எரியும்.

5. ஆனால் கணக்கையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சைக்ளோபிராக்ஸை 48 வாரம் நாள் தவறாமல் பூசிய பிறகும், அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் முழுசாகத் தெளிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எஃபினாகோனசோல் என்ற புதிய மருந்தில் அது 15 முதல் 18 வரை. ஒரு குப்பி தீர்ந்ததும் மறந்துவிடும் சுபாவம் உள்ளவர்கள் அந்தப் பணத்துக்கு மீன் வாங்கலாம்!

6. பூசும் மருந்து உள்ளே இறங்க, தடித்த நகத்தை முதலில் ராவி மெலிதாக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிற அட்டை ராவியை வாங்கி வைத்து, உபயோகித்ததும் எறிந்துவிடுங்கள். அதே ராவியால் நல்ல நகத்தைத் தொட்டால் சொத்தையை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. ரொம்பத் தடித்திருந்தால் 40 சதவீத யூரியா களிம்பு நகத்தை இளக்கித் தரும், டாக்டரிடம் கேளுங்கள்.

7. சொத்தை வேர்வரை போயிருந்தாலோ, பல நகங்கள் சேர்ந்து கெட்டிருந்தாலோ மாத்திரைதான் வழி. டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், கால் நகத்துக்குத் தினம் ஒன்றாக 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம் என்பது வழக்கம். இருப்பதில் நல்ல பலன் இதற்குத்தான்: சோதனைகளில் நூற்றுக்கு 70 பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது. நகம் பார்வைக்கும் பழையபடி ஆனது 38 பேருக்கு. எப்போதோ அடிபட்டுக் கோணிய நகம் பூஞ்சை போனாலும் கோணலாகவே இருக்கும், அதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது.

8. இனி ஆபத்தைப் பார்ப்போம். டெர்பினாஃபினால் ஈரல் பாதிப்பது அபூர்வம், ஆனாலும் தொடங்குமுன் இரத்தத்தில் ஈரல் சோதனை செய்துகொள்வதே நல்லது. ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. சில மனச்சோர்வு மாத்திரைகளோடும், மெட்டோபுரோலால் போன்ற சில இருதய மாத்திரைகளோடும் இது ஒத்துப்போகாது. கவரில் அட்டைகளைக் கொண்டு போகச் சொன்னது இதற்குத்தான்.

9. மாத்திரை தின்னும்போது கண் மஞ்சளித்தாலோ, மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ, தோல் தடித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெத்திலிக் குழம்பு வாயில் சப்பென்று இருந்தாலும் சமையல் செய்தவர்களைத் திட்டாதீர்கள். சிலருக்கு இந்த மாத்திரை நாக்கு ருசியைக் கெடுக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

10. இட்ராகோனசோல் கேப்சூலை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் தின்று, மூன்று வாரம் விட்டு, மூன்று மாதம் எடுக்கும் முறையும் உண்டு. இருதயம் பலவீனமானவர்களுக்கு இது கூடாது; சிம்வாஸ்டேட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளோடும் சேரக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போட்டால்தான் உடம்பில் சேரும். கூடவே கேஸ் மாத்திரை போட்டால் பாதி வீண்.

11. பழைய சீட்டைக் காட்டி கீட்டோகோனசோல் மாத்திரை வாங்காதீர்கள். ஈரலைக் கெடுக்கிறது என்று 2013-லேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் எச்சரித்துவிட்டன, நகத்துக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தப் பெயரில் வரும் ஷாம்பூவும் க்ரீமும் வேறு விஷயம்.

12. கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அட்டையில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். போதாக்குறைக்கு, டெர்பினாஃபினுக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-ல் அதற்கு இண்டோட்டினியே என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நகத்தோடு தொடையிடுக்கிலும் படை இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

13. சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 12 வார மாத்திரைக்கு விலை வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

14. லேசர் செய்யலாம் என்று விளம்பரம் பார்த்தீர்களா? அமெரிக்க மருந்துத் துறை அதற்குக் கொடுத்திருக்கும் அனுமதி, நகம் தற்காலிகமாகத் தெளிவாகத் தெரிவதற்கு மட்டும்தான். எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு, முடிந்தபின் பூஞ்சைச் சோதனை செய்து காட்டுவீர்களா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

15. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பாதத்துக்கு நல்லதுதான், நகத்துக்குள் இருக்கும் பூஞ்சையை அவை விரட்டிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பூண்டை அரைத்து வைத்துக் கட்டுவது, சேராங்கொட்டைப் பால், ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் தோலை வேகவைத்துவிடும். ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட்டை நகத்தில் தொட்டு வைப்பதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

16. ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான்! ஏற்கெனவே கை நிறைய மாத்திரை தின்னும் பெரியவர், ஒரே நகம், வலி இல்லை என்றால் டாக்டரே "வெட்டிச் சுத்தமாக வைத்தால் போதும்" என்பார். அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் மாத்திரையைத் தள்ளிப்போடலாம், நகம் காத்திருக்கும்.

17. சுகர் உள்ளவர்கள் மட்டும் 16-ஆம் குறிப்பைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. தடித்த நகம் அழுத்தி அடியில் புண் வந்தால், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பிளேடால் செதுக்காமல், தினமும் ராத்திரி வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். சிவந்து வீங்கினால் மறுநாள் வரை வைக்காதீர்கள்.

18. ஒரே நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து, அகலமாகி, தோலுக்கும் இறங்கினால் சொத்தை என்று சும்மா இருக்காதீர்கள். தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம், சீக்கிரம் காட்டுங்கள்.

19. பெருவிரல் நகம் மாதம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புதுசு வர 12 முதல் 18 மாதம். மாதப் பிறப்பன்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அடியில் நல்ல நகம் ஏறுவது படத்தில்தான் தெரியும். மாத்திரை நின்ற பிறகும் மருந்து சில மாதம் நகத்திலேயே தங்கியிருக்கும், அதனால் பதறி அடுத்த கோர்ஸ் வாங்க வேண்டாம்.

20. விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைச் சேர்த்துக் குணப்படுத்தாவிட்டால் நகச்சொத்தை திரும்பி வரும். வீட்டில் யாருக்கு இருந்தாலும் ஒரே நேரத்தில் டாக்டர் சொன்ன பூஞ்சை க்ரீமைப் போடச் சொல்லுங்கள்.

21. ஆளுக்கொரு நகவெட்டி, காலுக்குத் தனித் துவர்த்து. குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்துவிட்டுத்தான் செருப்பைப் போட வேண்டும். சாக்ஸை நல்ல சூட்டு வெந்நீரில் அலசுங்கள். மழைக்காலத்தில் பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவுக்குள் ராத்திரி பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் இழுத்திருக்கும். நனைந்த பேப்பரை அப்படியே தென்னை மூட்டில் போட்டுவிடலாம்.