போக்கும் வரத்தும்

'போக்குவரத்து' என்னும் நம் சொல்லிலேயே போவதும் வருவதும் இணைந்திருத்தலை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்பானிய மொழியார் இதனை 'ஈதா இ புவெல்தா' என்பர். ஈதா போதல், புவெல்தா திரும்பல்.

ராயகிரிக்குத் தெற்கே, புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை ஏற்றி ஆரியங்காவு கடந்து கேரளம் செல்லும் லாரியைக் கொள்வோம். மீளும்போது கிடைக்கும் சுமையை ஓட்டுநர் 'ரிட்டர்ன் லோடு' என்பார். மாணவர் இதனைக் 'கார்கா தெபுவெல்தா' என்று பெயர்த்துவிட்டால், வாங்கியவர் வேண்டாமெனத் திருப்பியனுப்பிய சரக்கென்று பொருள்பட்டுவிடும். வாடகைக் கணக்கு வழக்கில் முடியும். 'கார்கா தே ரெத்தோர்னோ' என்பதே தகும். சுமையின்றி மீண்டால் 'ரெத்தோர்னோ என் பாசீயோ'. நம் ஓட்டுநரோ 'வண்டி காலி' என்பார். காலி அரபுச் சொல். ஸ்பானியர் கட்டண வீதத்தைக் குறிக்கும் 'தாரீஃபா'வும் அரபு தந்ததே.